நான்கு நோட்டு, ஒரு மேசை: எதை முதலில் எழுதுவது?

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 4

எல்லாருக்கும் தோத்திரம். இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இனியும் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவள். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் கரண்ட் இருந்தால் எழுத உட்காருவேன், இல்லாவிட்டால் சார்ஜ் விளக்கு. இப்போது என் மேசையில் நான்கு நோட்டு கிடக்கிறது.

ஒன்று, சபையின் கிறிஸ்துமஸ் நாடகம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு வசனமாவது கொடுக்கவேண்டும். நவம்பர் நடுவில் ஒத்திகை ஆரம்பம்.

இரண்டு, தமிழ்க் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை. எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தொடங்கினேன். அறுபது பாட்டு என்று கணக்குப் போட்டேன், பதினேழில் நிற்கிறது.

மூன்று, என் பாட்டியின் கதை. அம்மாவைப் பெற்றவர். தொண்ணூறு வயது. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. 1964-ல் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது கைக்குழந்தையோடு துறைமுகத்தில் நின்றவர். அவர் சொல்வதை நாவலாக எழுதுவதா, சொன்னபடியே எழுதுவதா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

நான்கு, மாதாமாதம் சபைப் பத்திரிகைக்கு இரண்டு பக்கத் தியானம்.

நாடகம் எழுத உட்கார்ந்தால் பாட்டியின் முகம் வருகிறது. பாட்டியிடம் போய் உட்கார்ந்தால் தியானக் கட்டுரை கேட்டுச் செய்தி வருகிறது. போதகர் அன்பாகத்தான் சொன்னார், மார்த்தாளைப்போல அநேக காரியங்களில் கலங்காதே என்று. என் பெரியம்மாவோ எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தைப் புதைத்தவனுக்கு என்ன நடந்தது என்று பார், எதையும் விட்டுவிடாதே என்கிறார். இரண்டும் வேதத்தில் உள்ளதுதான். எனக்கு இரண்டில் எது?

மேமியோ தோட்டம், பின் ஊ ல்வின் · அக்டோபர் 4

தங்கை, நேராகச் சொல்கிறேன், மனசு வருந்தவேண்டாம். ஒன்றை எடு, முடி, அப்புறம் அடுத்ததைத் தொடு.

நான் முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஐந்து கையெழுத்துப் பிரதி இருக்கிறது. ஐந்துமே பாதியில் நிற்பவை. ஒவ்வொன்றையும் ஆண்டவர் கொடுத்தார் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். புதிதாக ஒன்று மனசில் வந்ததும் அதுவும் அவர் கொடுத்ததுதான் என்று பழையதை மூடி வைத்தேன். போன மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தால் இரண்டில் கரையான். மிச்சமிருந்த மூன்றை எடுத்துப் படித்தேன். எந்தப் பாத்திரம் எதற்காக அந்த வீட்டுக்குள் வருகிறது என்று எழுதிய எனக்கே நினைவில்லை.

லூக்கா 14-ல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. நீ கணக்கு எழுதுகிறவள். உன் ராத்திரிகளைக் கணக்குப் பார்.

பீகு வயல்காரன், பாகோ · அக்டோபர் 5

தங்கச்சி, நான் கத்தோலிக்கன், எங்கள் பங்கில் பாஸ்கா நாடகத்துக்கு வசனம் எழுதுகிறவன். ஆனால் நான் பேசப்போவது விவசாயம்.

இங்கே நெல் அறுத்ததும் நிலத்தைச் சும்மா போடமாட்டோம். அந்த ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைத்துவிடுவோம். (தமிழ்நாட்டில் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் எங்கள் மண்ணில் விளைந்ததும் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்.) நெல்லும் உளுந்தும் ஒரே நிலம்தான், ஒரே ஆள்தான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் விதைக்கிறவன் கிடையாது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும், உளுந்துக்குத் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஒன்றுக்கு உயிரானது இன்னொன்றுக்குச் சாவு.

மேமியோ அக்கா சொல்வது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. பிரசங்கி 11-ம் அதிகாரத்தில் காலையிலும் விதை, மாலையிலும் கை ஓயாதே, எது முளைக்கும் என்று உனக்குத் தெரியாது என்று இருக்கிறதே. அது பல விதை வைத்திருக்கிறவனுக்குச் சொன்னது. உன்னிடம் நான்கு விதை இருப்பதில் தப்பில்லை. எந்த விதைக்கு எந்த ஈரம் என்று பார்த்தாயா?

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 5

அக்கா, வருத்தம் இல்லை. கரையான் என்று படித்ததும் எழுந்துபோய் என் நோட்டுகளைத் தரையிலிருந்து அலமாரிக்கு மாற்றினேன்.

அண்ணே, பார்க்கவில்லை. எல்லாமே அவசரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோல்மேன் வாத்தியார், மோலமைன் · அக்டோபர் 7

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து எங்கள் ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதோனிராம் ஜட்சன். பர்மாவில் கிறிஸ்தவர்களாக இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர் என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம். அவர் மேசையில் எத்தனை நோட்டு கிடந்தது என்று பார்ப்பதில்லை.

1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். மொழியைக் கற்றுக்கொண்டே இலக்கணக் குறிப்பு, சொற்பட்டியல், சிறு பிரசுரங்கள், மத்தேயு மொழிபெயர்ப்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நடந்தன. முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். அதாவது ஆறு வருஷம் எழுத்து மட்டுமே கையில். 1823-ல் புதிய ஏற்பாடு கையெழுத்தில் தயார். அடுத்த வருஷம் ஆங்கிலேயருக்கும் பர்மிய மன்னருக்கும் போர் வந்து, அன்றைய தலைநகர் ஆவாவில் அவரைச் சிறையில் போட்டார்கள்.

அந்தக் கையெழுத்துப் பிரதி என்ன ஆனது என்பதுதான் நான் சொல்லவந்தது. மனைவி ஆன் அதை முதலில் வீட்டுக்கடியில் மண்ணில் புதைத்தார். மழை வந்தால் நனைந்துபோகும் என்று பயந்து, எடுத்துப் பஞ்சோடு வைத்துத் தைத்துத் தலையணையாக்கிச் சிறைக்குக் கொடுத்தனுப்பினார். வேறு யாரும் ஆசைப்படாத அளவுக்குக் கடினமான தலையணை. அவரை வேறு சிறைக்கு மாற்றியபோது காவலர்கள் மேலுறையைக் கிழித்துக்கொண்டு பஞ்சுருளையைத் தூக்கி எறிந்தார்கள். மௌங் இங் என்ற பர்மிய விசுவாசி, குருவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். பல மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே புதிய ஏற்பாடு, எழுத்து அழியாமல்.

பிறகு எங்கள் மோல்மேனுக்கு வந்து 1834-ல் முழு வேதாகமத்தையும் முடித்தார். திருத்திய பதிப்பு 1840-ல். அப்புறமாவது ஓய்ந்தாரா? பிரசங்கம் செய்யத்தான் அவர் மனசு ஏங்கியது, ஆனால் நோயில் குரல் கெட்டுப்போனது. அகராதி வேலையில் உட்கார்ந்தார். ஆங்கிலம்–பர்மியப் பகுதி 1849-ல் முடிந்தது. பர்மியம்–ஆங்கிலப் பகுதி கையில் இருக்கும்போதே, 1850 ஏப்ரலில், கடலில் கப்பலிலேயே இறந்துபோனார். அந்தப் பாதி அகராதியை அவரோடு ஊழியம் செய்த எட்வர்ட் ஸ்டீவன்ஸ் முடித்து 1852-ல் வெளிக்கொண்டுவந்தார்.

ஒரு வேலை பஞ்சுக்குள் தப்பியது. இன்னொரு வேலையை வேறொரு மனிதர் முடித்தார். ஜட்சனின் தாள்கள் இன்னொருவர் எடுத்து வாசித்துத் தொடரக்கூடிய நிலையில் இருந்தன, இல்லாவிட்டால் ஸ்டீவன்ஸால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தால் உங்கள் நான்கு நோட்டில் எதை இன்னொருவர் எடுத்துத் தொடர முடியும்? எதை உங்களைத் தவிர யாராலும் முடியாது?

மேமியோ தோட்டம், பின் ஊ ல்வின் · அக்டோபர் 7

வாத்தியார் ஐயா, தலையணைக் கதை சின்ன வயதில் கேட்டது. இப்போது படித்தபோதும் கண் கலங்கியது.

ஆனால் ஜட்சனை நம்மைப்போல் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்களோடு வைக்கமுடியுமா? அவருக்கு நாள் முழுக்க அதுதான் ஊழியம். இந்தப் பிள்ளைக்கு இரவில் இரண்டு மணி நேரம், அதுவும் கரண்ட் பார்த்து.

மோல்மேன் வாத்தியார், மோலமைன் · அக்டோபர் 8

நியாயமான கேள்வி. அப்படியானால் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவரைச் சொல்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். பகலெல்லாம் நீதிமன்றம். அந்த வேலைக்குள்ளிருந்தே ஒரு எழுத்து வேலையையும் உண்டாக்கிக்கொண்டார்: ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தார். தமிழின் முதல் நாவலை 1879-ல் அச்சிட்டதும் அவர்தான். நீதி நூல், கீர்த்தனை, பெண்கல்விக்கான நூல் எல்லாம் அதே மனிதர் கையால். கத்தோலிக்கர். நம் வயல்கார நண்பருக்குப் பெருமையாக இருக்கும்.

பீகு வயல்காரன், பாகோ · அக்டோபர் 8

இருக்கிறது ஐயா! எங்கள் பக்கத்துக்கு இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீரமாமுனிவர். தேம்பாவணி 1726, தொன்னூல் விளக்கம் 1730, அதே வருஷத்தில் திருக்குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் லத்தீனில், சதுரகராதி 1732. காவியம், இலக்கணம், மொழிபெயர்ப்பு, அகராதி. இத்தனையும் ஆறு வருஷத்துக்குள். அகராதிக்குச் சேர்த்த சொல் காவியத்துக்கும் உதவியிருக்கும், காவியம் எழுதும்போது தட்டிய சந்தேகம் இலக்கணத்தில் தெளிந்திருக்கும். இது நான் நினைப்பது. ஆனால் எழுதுகிற யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரை எனக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். சித்த வைத்தியம், தோட்டம், இசை ஆராய்ச்சி, பாட்டு எழுதுவது, சொந்தமாக அச்சகம். மருந்து விற்ற பணத்தில்தான் இசை மாநாடுகள் நடத்தினார். கருணாமிர்த சாகரம் என்ற தன் இசை ஆராய்ச்சி நூலைத் தன் அச்சகத்திலேயே 1917-ல் அச்சிட்டார். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். அவர் ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடலாம் என்று இருந்திருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்காது, ஏனென்றால் ஒரு வேலைதான் இன்னொரு வேலைக்குச் சோறு போட்டது.

வியாசர்பாடி மகள், சென்னை · அக்டோபர் 9

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படிக்கத்தான் வருவேன். அக்கா எழுதியதில் பாட்டிக்குத் தொண்ணூறு வயது என்ற வரியைப் படித்ததும் இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

என் அம்மா 1964-ல் பர்மாவிலிருந்து வந்தவர். அப்போது பதினாலு வயது. அந்த வருஷம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா ஓலைப்பாயில் சுருட்டி வைத்திருந்த பணமெல்லாம் வெறும் காகிதமாகிப்போனது. கடை அதற்கு முன்பே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. கப்பலில் வந்து இறங்கி, முகாமில் இருந்து, அப்புறம் வியாசர்பாடி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவுதான் தெரியும்.

அம்மா சொல்லும்போதெல்லாம் நான் வேறு வேலையாக இருந்தேன். ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்று பெயர் வேறு. திருச்சபை வரலாறு, நல்ல புத்தகம்தான், அச்சிலும் வந்தது. அது முடியட்டும், அம்மாவிடம் நிதானமாக உட்காரலாம் என்று இருந்தேன். புத்தகம் வெளிவந்த நாலாவது மாதம் அம்மாவுக்கு வாதம் வந்து பேச்சு நின்றது. மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார். நான் கேட்டால் கண்ணால் ஏதோ சொல்வார். அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

அவர் இருந்த தெரு எது, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் எப்படி இருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்ன சாப்பிடுவார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. சபை வரலாறு இன்றைக்கும் நூலகத்தில் இருக்கிறது. அதை நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார்.

அக்கா, நாடகம் அடுத்த வருஷமும் போடலாம். பாட்டியிடம் இன்றைக்கே போங்கள்.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 9

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு அப்படியே எழுந்து பாட்டி அறைக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவுக்காக ஜெபித்தேன்.

நாளையிலிருந்து தினமும் சாயங்காலம் அரைமணி நேரம். போனில் பதிவு செய்யப்போகிறேன். எழுதுவதெல்லாம் அப்புறம்.

சிறகுள்ள மீன், யாங்கோன் · அக்டோபர் 11

அக்கா, நான் உங்கள் சபை இல்லை, ஆனால் உங்கள் பாட்டுத் தாள் எங்கள் வாலிபர் கூட்டத்திலும் சுற்றுகிறது. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இதைப் பேசித் தட்டச்சு செய்து, அம்மாவிடம் காட்டித் திருத்திப் போடுகிறேன்.

பாட்டு வேலையை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தாத்தா அடக்கத்தின்போது எல்லாரும் பாடினார்கள். அந்தப் பாட்டு உங்கள் பதினேழில் ஒன்று. முதல் தடவையாக நானும் என் தம்பியும் கடைசிவரைக்கும் பாடினோம்.

ஒன்று மட்டும். 'ராஜா' என்று வருகிற இடத்தில் நாங்கள் எல்லாரும் 'யாஜா' என்று வாசித்துவிட்டோம். பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 11

தம்பியா தங்கையா தெரியவில்லை, உன் பதிவை மூன்று தடவை படித்தேன். நன்றி.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பர்மிய எழுத்தில் ர-வுக்கு உரிய எழுத்தை இங்கே பேச்சில் ய என்றுதான் சொல்வார்கள். ரங்கூன் என்று வெள்ளைக்காரன் எழுதியதும் நாங்கள் யாங்கோன் என்று சொல்வதும் ஒரே எழுத்துதான். அதனால் ராஜா யாஜா ஆகிறார். இதைவிடக் கஷ்டமானது ள, ண, ழ. பாலி மொழிச் சொற்களுக்காக ள-வும் ண-வும் பர்மிய எழுத்தில் இருக்கின்றன, ஆனால் வாசிக்கும்போது ல, ன என்றே ஒலிக்கும். கிருபையின் வெள்ளம் என்று எழுதினால் பிள்ளைகள் வாயில் கிருபையின் வெல்லம் என்று வருகிறது. ழ-வுக்கு எழுத்தே இல்லை. வாழ்வு என்பதை எப்படி எழுதினாலும் திருப்தி இல்லை.

நான் செய்துபார்த்த வழி: ர வரவேண்டிய எழுத்தின்மேல் ஒரு சிறு நட்சத்திரம், நாக்கை மடிக்கவேண்டிய எழுத்தின்கீழ் ஒரு கோடு. தாளின் தலைப்பில் இரண்டு வரி விளக்கம். முதல் ஐந்து பாட்டில் இதைச் செய்யவில்லை, நீங்கள் வைத்திருப்பது அந்தப் பழைய தாளாக இருக்கும். இன்னொரு தொல்லை, ஆரம்பத்தில் ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்துவிட்டேன். 2019-லிருந்து இங்கே எல்லாம் யூனிகோடுக்கு மாறுகிறது, சில போன்களில் என் பாட்டு உடைந்து தெரிகிறது. மறுபடி அடிக்கவேண்டும்.

இதைச் சொல்லும்போதே வாத்தியார் ஐயா கேட்டது ஞாபகம் வருகிறது. இந்த வேலையை இன்னொருவர் தொடர முடியும். விதியை எழுதி வைத்துவிட்டால் போதும்.

சிறகுள்ள மீன், யாங்கோன் · அக்டோபர் 12

தங்கைதான் அக்கா. எனக்குப் பர்மிய யூனிகோட் வேகமாக அடிக்க வரும். என் தோழிகள் இரண்டு பேருக்கும் வரும். அனுப்புங்கள்.

பீகு வயல்காரன், பாகோ · அக்டோபர் 14

ஒரு யோசனை. நாடகத்துக்கும் பாட்டி கதைக்கும் ஏன் தனித்தனி நோட்டு? ரங்கூனில் 1941-ல் குண்டு விழுந்தது டிசம்பர் 23-லும் 25-லும். கிறிஸ்துமஸ் அன்றைக்கே! ஆறு வயதுப் பிள்ளை, புதுச் சட்டை, கோயில் மணி, அப்புறம் விமானச் சத்தம். சத்திரத்தில் இடமில்லாத குடும்பத்தையும் ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தையும் ஒரே மேடையில் காட்டலாம். பிள்ளைகள் நடித்தால் சபையே அழும். இரண்டு வேலை ஒன்றாகிவிடும்.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 17

அண்ணே, உங்கள் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அன்றைக்கே முதல் காட்சியை எழுதிவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "அந்தச் சட்டையை எங்க அக்காதான் தைச்சா. அவ அன்னைக்குத்தான் போனா. அதைப் பிள்ளைங்களுக்குப் போட்டு ஆடவைக்காதம்மா. உனக்குத்தான் சொன்னேன்."

பாட்டிக்கு அக்கா இருந்தார் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அந்தக் காட்சியைக் கிழித்துவிட்டேன். பாட்டியின் அக்காவைப் பற்றிப் பாட்டியாகச் சொல்லும்வரை நான் கேட்கப்போவதில்லை.

பீகு வயல்காரன், பாகோ · அக்டோபர் 17

தங்கச்சி, மன்னித்துக்கொள். நான் மேடையை மட்டும்தான் பார்த்தேன். பாட்டியிடமும் என் சார்பாக மன்னிப்புக் கேட்டுவிடு. நெல்லுக்கு வைத்த தண்ணீரை உளுந்தில் விடச் சொல்லிவிட்டேன்.

மேமியோ தோட்டம், பின் ஊ ல்வின் · அக்டோபர் 18

இந்த இழையில் நான் எழுதிய முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். ஒன்றை எடு, முடி என்றேன். வியாசர்பாடித் தங்கை எழுதியதற்குப் பிறகு அதை அப்படியே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பல வேலை செய்யலாம் என்பதோடு விட்டுவிட்டால் என் டிரங்குப் பெட்டிதான் உனக்கும் கிடைக்கும்.

பாதியில் நின்ற வேலையெல்லாம் ஏன் எனக்கு அந்நியமாகிப்போனது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒவ்வொரு தடவையும் சோர்ந்துபோய், ஒரு காட்சி முடிந்ததும் நோட்டை மூடினேன். அடுத்து என்ன என்பது அப்போது தலையில் இருந்தது, தாளில் இல்லை. ஆறு மாதம் கழித்துத் தலையிலும் இல்லை. இப்போது புதிதாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நோட்டை மூடுவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு மூன்று வரி: எங்கே நிற்கிறேன், அடுத்து எழுதப்போகும் வாக்கியம் எது, எந்தச் சந்தேகம் தீரவில்லை. வாக்கியத்தைப் பாதி எழுதி நிறுத்தினாலும் நல்லது. அடுத்த தடவை உட்காரும்போது கை தானாக அதை முடிக்கப் பார்க்கும். பத்து நாளாகச் செய்கிறேன், கரையான் தின்னாத மூன்றில் ஒன்று நகர ஆரம்பித்திருக்கிறது.

இன்னொன்று. தியானக் கட்டுரையை ஏன் நீயே எழுதவேண்டும்? உன் சபையில் வேறு யாருக்கும் எழுத வராதா? நீ விட்டுக்கொடுக்காததால் வாய்ப்பில்லாமல் இருக்கிற யாராவது இருப்பார்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்லவில்லை, எனக்கும் இந்தக் குணம் உண்டு.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · அக்டோபர் 18

அக்கா, கடைசி வரி என்னைப் பிடித்தது. ஒரு அண்ணன் இருக்கிறார், இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார், நான் திருத்துகிறேன் என்று சொல்லி முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். அவர் பிறகு கொடுக்கவில்லை. அது ஆண்டவருக்குச் செய்த வேலை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசுகிறேன்.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · நவம்பர் 12

எப்படிப் போகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தியானக் கட்டுரையை அந்த அண்ணன் எடுத்துக்கொண்டார். நவம்பர் இதழில் வந்திருக்கிறது. நான் ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன். மீன்பிடிக்கப் போகும் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னால் அப்படி எழுதியிருக்க முடியாது.

பாட்டு வேலை மூன்று பிள்ளைகள் கையில். முப்பத்தொன்று ஆகிவிட்டது. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் சரிபார்ப்பது மட்டும் என் வேலை. நட்சத்திரத்துக்குப் பதிலாக அவர்களே ஒரு நல்ல குறி கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாடகம் நாற்பது நிமிடம் இருபத்தைந்தாகக் குறைந்துவிட்டது. மேய்ப்பர்கள் காட்சி மட்டும் பெரிதாக வைத்தேன், அதில் நிறையப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கும்.

பாட்டியிடம் இருபத்தாறு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டேன். சில நாள் பேசமாட்டார், கையைப் பிடித்துக்கொண்டு இருப்போம், அதையும் பதிவில் விட்டிருக்கிறேன். நாவலா இல்லையா என்ற கேள்வி போய்விட்டது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மேமியோ அக்கா சொன்ன மூன்று வரி ஒவ்வொரு பதிவுக்கும் உண்டு.

ஒரு உதவி வேண்டும். ஒன்பதாவது பதிவில், அவருடைய அப்பா வேலை பார்த்த அச்சகம் எங்கே இருந்தது என்று கேட்டேன். "பேர் தெருவுல" என்றார். என்ன பேர் பாட்டி என்றேன். "பேர் தெருடி" என்று கோபப்பட்டார். மறுபடி கேட்க மனசு வரவில்லை. தெருவின் பெயரை மறந்துவிட்டார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் எங்கெங்கே தமிழ் அச்சகம் இருந்தது என்று யாருக்காவது தெரியுமா?

மோல்மேன் வாத்தியார், மோலமைன் · நவம்பர் 12

அம்மா, பாட்டி மறக்கவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆர்தர் பேர் என்று ஒரு ஆங்கிலேய அதிகாரி, பிரிட்டிஷ் பர்மாவின் முதல் தலைமை ஆணையர். அவர் பெயரில் இருந்த தெரு அது. பேர் தெரு. இன்றைக்குப் பன்சோடான். பழைய புத்தகக் கடைகள் இருக்கிற அதே தெரு, நீங்கள் நூறு தடவை நடந்திருப்பீர்கள். அவர் வாயில் டல்ஹௌசி தெரு என்று வந்தால் மஹா பந்துலா, பிரேசர் தெரு என்றால் அனவ்ரட்டா, முகல் தெரு என்றால் ஷ்வே பொந்தா. இந்த நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டு மற்றப் பதிவுகளையும் திரும்பக் கேளுங்கள்.

எண்ணெய்விளக்கு, யாங்கோன் · நவம்பர் 12

ஐயா, நான் அந்த இடத்தில் 'பெயர் நினைவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்தேன். அதை இப்போதுதான் கோடு போட்டு அடித்தேன். பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். பன்சோடான் என்று ஒரு இடத்திலும் அவர் சொல்லவில்லை, எல்லா இடத்திலும் பேர் தெருதான். அப்படியே எழுதுகிறேன்.

நாளைக்கு விடுமுறை. பாட்டியை ரிக்‌ஷாவில் வைத்து அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போகலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.